பழைய ஸ்போர்ட்ஸ் காரை மேம்படுத்தும் முன் எதைச் சீர்படுத்த வேண்டும்?

தேய்ந்த நிலையில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரில் உடனே டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முதலில் எஞ்சினின் உண்மையான நிலையை அறியுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை (பிஸ்டன் உள்ளே காற்றை அழுத்தும்போது எழும் அழுத்தத்தை) அளந்து, குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறிதளவு எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் அளக்கும்போது, அழுத்தம் கூடினால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) தேய்ந்திருப்பதாகவும், கூடாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) கசிவு இருப்பதாகவும் பெரும்பாலும் கொள்ளலாம். அத்தகைய எஞ்சினுக்கு டர்போ தரும் கூடுதல் அழுத்தம் சேதத்தையே விரைவுபடுத்தும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை குறைந்துவிடுவதால், பழையதைத் தயங்காமல் மாற்றுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள தேதிக் குறியீடு 2314 என்று முடிந்தால், அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது; பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். சஸ்பென்ஷன் புஷ்களையும் (சக்கரத் தாங்கிகளின் இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்) புதுப்பித்து ஓட்டிப் பார்த்த பிறகே டர்போவைப் பற்றி முடிவெடுங்கள்.