பில் மென்பொருளில் டார்க் தீம்: கறுப்பு பூசினால் மட்டும் போதாது

கேள்வி: கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கும் புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கும் பைசைட் 6இல் (பைதன் மொழியில் கியூட்டி என்ற திரை வடிவமைப்புக் கருவித்தொகுதியைப் பயன்படுத்தும் வழி) பில், இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறேன். இரவில் இருப்பு எடுக்கும் பிள்ளைகள் கண் கூசுகிறது என்கிறார்கள். எல்லா விட்ஜெட்டுக்கும் (பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்புகள்) கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து என்று ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி எழுதினேன். இப்போது ஐகொன்களைக் காணவில்லை. முடக்கிவைத்த பட்டன்களும் அழுத்தலாம் போலத் தெரிகின்றன. பில் அச்சிட்டால் தாளே கறுப்பாக வருகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: அந்த ஒற்றை வரியை முதலில் எடுத்துவிடுங்கள். ஸ்டைல்ஷீட்டில் எழுத்து நிறத்தை நேரடியாகக் கொடுத்துவிட்டால், முடக்கப்பட்ட பட்டனுக்கும் அதே நிறம்தான் போகும். மங்கலாகக் காட்ட கியூட்டி வைத்திருக்கும் நிறங்கள் பேலட்டில் (செயலியின் நிறப்பட்டியல்) தனித் தொகுதியாக இருக்கின்றன, உங்கள் வரி அவற்றை மறைத்துவிடுகிறது. நிறங்களை மாற்ற வேண்டிய இடம் பேலட்.

கியூட்டி 6.8 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால் வேலை சுலபம். செயலி தொடங்கும்போது ஸ்டைலை ‘ஃபியூஷன்’ (கியூட்டியே வரையும் தோற்றம்) என்று வையுங்கள். பிறகு ஸ்டைல்ஹின்ட்ஸில் உள்ள ‘செட் கலர் ஸ்கீம்’ மூலம் டார்க்கைக் கொடுங்கள். ‘அன்னோன்’ என்று கொடுத்தால் விண்டோஸ் அமைப்பில் உள்ளதையே பின்பற்றும். ஃபியூஷன் ஏன் என்றால், ‘விண்டோஸ் விஸ்டா’ ஸ்டைல் பட்டன்களை விண்டோஸின் சொந்த தீமைக் கொண்டே வரைகிறது, உங்கள் பேலட்டை அது கவனிப்பதில்லை. 6.5 முதல் 6.7 வரையான பதிப்புகளில் கணினி டார்க்கில் இருக்கிறதா என்று கேட்டறிய முடியும், ஆனால் செயலிக்கு மட்டும் மாற்ற இந்த வசதி கிடையாது. அந்தப் பதிப்புகளில் செயலிக்கு மட்டும் மாற்றவும், அதற்கும் பழையதென்றாலும், பேலட்டைக் கையால் நிரப்ப வேண்டும். சாளரம், பேஸ், மாற்று வரிசை, எழுத்து, பட்டன், தெரிவு, டூல்டிப், பிளேஸ்ஹோல்டர் ஆகியவற்றோடு ‘டிஸ்ஏபிள்ட்’ தொகுதியையும் தவறாமல் நிரப்புங்கள்.

கையால் நிரப்பினால் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் வேண்டாம். தமிழ், சிங்கள எழுத்துகளின் வளைவுகளும் சுழிகளும் சிறிய அளவில் கறுப்பு மேல் வெள்ளையாக வரும்போது ஒளி கசிந்து ஒன்றோடொன்று ஒட்டியதுபோலத் தெரியும். பின்னணிக்கு (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்) 30, 30, 30, எழுத்துக்கு 230, 230, 230 கொடுத்துப் பாருங்கள். ஒளிமாறுபாடு 13 மடங்குக்கு மேல் வரும். சாதாரண எழுத்துக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி கேட்பது 4.5 மடங்குதான்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். நிரல் முழுக்க அங்கங்கே நேரடியாக எழுதிவைத்த நிறங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ‘செட் ஸ்டைல்ஷீட்’, ‘கியூகலர்’, ‘கியூபிரஷ்’, லேபிள்களுக்குள் இருக்கும் எச்.டி.எம்.எல். நிறங்கள், அட்டவணைக் கட்டங்களை வரையும் டெலிகேட்டின் பெயின்ட் பகுதி என ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அதிகம் சிக்குவது அட்டவணைதான். இருப்புக் குறைந்த வரிசைக்கு ‘பேக்ரவுண்ட் ரோல்’ வழியாக 255, 255, 204 என்ற இளமஞ்சள் கொடுத்திருப்பீர்கள், எழுத்து நிறம் கொடுத்திருக்க மாட்டீர்கள். லைட்டில் கறுப்பு எழுத்து வந்ததால் பிரச்சினை இல்லை. டார்க்கில் பேலட் வெளிர் எழுத்தைக் கொடுக்கும், மாறுபாடு 1.2க்கு விழும், கடைக்காரர் கட்டாயம் பார்க்க வேண்டிய அதே வரிசை வாசிக்க முடியாமல் போகும். டார்க்கில் பின்னணியை 74, 62, 16 ஆக மாற்றினால் அதே எழுத்து 8 மடங்குக்கு மேல் தெளிவாகத் தெரியும். பின்னணி நிறம் கொடுக்கும் இடத்தில் எழுத்து நிறத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

நிலுவைத் தொகையின் சிவப்பும் இப்படித்தான். 192, 0, 0 டார்க் பின்னணியில் 2.6 மடங்குதான் தரும். 255, 138, 128 கொடுத்தால் 7ஐத் தாண்டும். இந்த நிறங்களை ‘நிலுவை’, ‘குறைந்த இருப்பு’ என்று பயனைக் குறிக்கும் பெயரில் ஒரே கோப்பில் வையுங்கள். ‘சிவப்பு’, ‘மஞ்சள்’ என்று பெயரிட்டால் அடுத்த மாற்றத்தில் திரும்பவும் சிக்குவீர்கள்.

ஐகொன்களுக்கு இரண்டு தொகுதிப் படங்கள் தேவையில்லை. ஒற்றை நிற ஐகொனை பிக்ஸ்மெப்பாக ஏற்றி, பெயின்டரில் ‘சோர்ஸ் இன்’ முறையை வைத்து, பேலட்டின் பட்டன் எழுத்து நிறத்தால் நிரப்பினால் வடிவம் அப்படியே இருக்க நிறம் மட்டும் மாறும். செயலி ஓடும்போதே தீம் மாறினால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ‘கலர் ஸ்கீம் சேஞ்ட்’ சிக்னலில் அதை இணையுங்கள்.

அச்சுப் பிரச்சினைக்குக் காரணம், பில் முன்னோட்ட விட்ஜெட்டையே ரெண்டர் செய்து பிரிண்டருக்கு அனுப்புவதாக இருக்க வேண்டும். திரையில் உள்ள பின்னணி அப்படியே தாளுக்குப் போகிறது. தேர்மல் பிரிண்டரில் ரோல் முழுக்கக் கறுத்துவிடும். பில்லை ‘கியூடெக்ஸ்ட் டொகியூமென்ட்’ ஆக அமைத்து அதன் பிரின்ட் வழியாக அனுப்புங்கள். அது எழுத்தைக் கறுப்பாகவே எடுத்துக்கொள்ளும். திரையில் காட்டும் முன்னோட்டத்துக்கும் தனியாக லைட் பேலட் கொடுத்துவிடுங்கள், வாடிக்கையாளர் கையில் போகும் பில்லும் அதுவும் ஒன்றுபோல இருக்கட்டும்.

சோதிக்கும்போது கலண்டர் பொப்அப், செய்திப் பெட்டி, டூல்டிப், வேறு சாளரத்துக்குப் போனபின் தெரிவுசெய்த வரிசை எப்படித் தெரிகிறது என்பவற்றைப் பாருங்கள். விலை குறைந்த மொனிட்டர்களில் நெருக்கமான இரு சாம்பல் நிறங்கள் ஒன்றாகிவிடும். மாற்று வரிசைக்கு 37, 37, 37 போதாமல் 45, 45, 45 தேவைப்படலாம். உங்கள் லப்டொப்பில் பார்த்து முடிவெடுக்காமல், கடையில் உள்ள திரையிலேயே, நின்றபடியும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள்.

கணினி அமைப்பு, லைட், டார்க் என்று மூன்று தெரிவுகள் வையுங்கள், இயல்புநிலை லைட்டாக இருக்கட்டும். நகைக்கடை வெளிச்சத்தில் கருந்திரை கண்ணாடிபோல விளக்குகளைக் காட்டும், முன்கவுன்டரில் அது தொல்லைதான். தெரிவை டேட்டாபேஸில் போடாமல் ‘கியூசெட்டிங்ஸ்’ மூலம் அந்தந்தக் கணினியிலேயே சேமியுங்கள். ஒரே லொகின்னை கவுன்டரிலும் பின்னறையிலும் பயன்படுத்தும் கடைகளில், இருப்பு எடுக்கும் பிள்ளை டார்க்குக்கு மாற்றினால் காசாளரின் திரை மாறக்கூடாது.