ரூட்டுக்கு வரும் டெஸ்க்டாப் மற்றவர்களுக்கு வரவில்லையா? லினக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: பாஸ்வேர்டு சரிதான். ஆனால் திரை ஒரு நொடி கறுத்து, திரும்ப லாகினுக்கே வந்து நிற்கிறது. ரூட்டாக (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக் கணக்கு) ஸ்டார்ட்எக்ஸ் (டெஸ்க்டாப்பைத் தொடங்கும் கட்டளை) கொடுத்தால் டெஸ்க்டாப் வருகிறது. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றலாமா?

பதில்: டிரைவரைத் தொடாதீர்கள். ரூட்டுக்குத் திரை வருகிறதென்றால் டிரைவர் நன்றாகவே இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் உங்கள் பெயரில் நுழையுங்கள். ‘எல்எஸ் -எல்ஏ’ கொடுத்து, புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி, ஐஸ்அத்தாரிட்டி ஆகிய கோப்புகளின் வரிகளைப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரூட் ரூட்’ என்றிருந்தால் காரணம் அதுதான். சுடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளையை ஓட்டும் முன்சொல்) போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டினால் இப்படி ஆகும். திரையில் டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ் சர்வருடன் பேசத் தேவையான ரகசியக் குறி எக்ஸ்அத்தாரிட்டி கோப்பில்தான் எழுதப்படுகிறது. உங்களால் அதைத் திறக்கவோ எழுதவோ முடியாததால் செஷன் உடனே விழுந்துவிடுகிறது.

ஹோம் ஃபோல்டர் உங்களுடையது என்பதால், கோப்பு ரூட்டின் பெயரில் இருந்தாலும் சுடோ இல்லாமலே அழிக்கலாம். அடுத்த லாகினில் புதிதாக உருவாகும். கான்ஃபிக், கேஷ் ஃபோல்டர்களும் ரூட் பெயருக்குப் போயிருந்தால் அவற்றை அழிக்காமல், சுடோ போட்டு ‘சௌன் -ஆர்’ (ஓனரை மாற்றும் கட்டளை) மூலம் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என் கணினியில் அந்தக் கோப்புகள் சரியாக உள்ளன. ஆனாலும் ரூட்டைத் தவிர யாராலும் நுழைய முடியவில்லை.

பதில்: புதிதாக ஒரு யூசரை உருவாக்கிப் பாருங்கள். அவர் நுழைய முடிந்தால் கோளாறு பழைய ஹோமில். அவருக்கும் இதே கதி என்றால் சிஸ்டத்தில். உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் டெம்ப் ஃபோல்டர். எக்ஸ் தன் சாக்கெட்டை (மற்ற நிரல்கள் அதனுடன் பேசும் வாயில்) அங்கேதான் வைக்கிறது. அந்த ஃபோல்டரின் அனுமதி 1777 (எல்லாரும் எழுதலாம்) ஆக இருக்க வேண்டும். யாராவது அழித்துவிட்டு ரூட்டாக மறுபடி உருவாக்கியிருந்தால் பெரும்பாலும் 755 ஆகியிருக்கும். ரூட் மட்டுமே எழுத முடியும். ரூட்டாக அந்த ஃபோல்டருக்கு ‘சிஹெச்மோட் 1777’ (அனுமதியை மாற்றும் கட்டளை) கொடுத்து ரீபூட் செய்யுங்கள். முன்னால் உள்ள 1 முக்கியம். அது விட்டுப்போனால் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்கலாம்.

கேள்வி: டெம்பும் 1777தான்...

பதில்: ‘டிஎஃப் -ஹெச்’ கொடுங்கள். 100% என்று காட்டினால் டிஸ்க் நிரம்பிவிட்டது. இஎக்ஸ்டி4 (லினக்ஸில் டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் முறை) வழக்கமாக 5% இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கும். அதனால்தான் ரூட் மட்டும் நுழைகிறது. இடம் இருந்தும் எழுத முடியவில்லையா? ‘டிஎஃப் -ஐ’ கொடுத்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்ததா பாருங்கள்.

கேள்வி: எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து நுழையும் வழி) வழியாக ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால், கன்சோல் பயனர்களுக்கே அனுமதி என்கிறது.

பதில்: அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. கணினி முன் உட்கார்ந்து கொடுங்கள்.

கேள்வி: ஹோம் முழுவதற்கும் 777 (எல்லாருக்கும் முழு அனுமதி) கொடுத்தால் ஒரேயடியாகத் தீருமே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஓனர் மாறிப்போனதுதான் நோய். 777 அதைத் தொடவே தொடாது. எஸ்எஸ்ஹெச் உங்கள் தனிச் சாவியை (நுழைவதற்கான ரகசியக் கோப்பு) ஏற்க மறுக்கும், உங்கள் கோப்புகள் எல்லாருக்கும் திறந்துகிடக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், ஹோமுக்கும் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கும் 700, தனிச் சாவிக் கோப்புக்கு 600 என்று முதலில் திருத்துங்கள்.