ஈசிஜி மெஷின் ‘பழைய மாரடைப்பு’ என்று அடித்துவிட்டால்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பல வருடமாகப் பிரஷர். குளிசையை ஒழுங்காகப் போடமாட்டார். கண் சத்திரசிகிச்சைக்கு முன் ஈசிஜி எடுத்தோம். ‘இடது இதயவறைத் தடிப்பு, பழைய மாரடைப்பாக இருக்கலாம்’ என்று தாளிலேயே ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. நெஞ்சுவலி ஒருநாளும் வந்ததில்லை. தாளின் படத்தை அனுப்பியுள்ளேன். – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது மெஷின் போட்ட கணக்கு, வைத்தியரின் முடிவு அல்ல. அலைகளை அளக்க அதற்குத் தெரியும். அப்பாவின் பிரஷர் கதை தெரியாது.

முதலில் தடிப்பு. வி1 முதல் வி6 வரை என்பவை நெஞ்சில் ஒட்டும் ஆறு ஒட்டிகளின் பதிவுகள்; இவற்றை லீட் என்போம். தாளில் ஒரு சின்னக் கட்டம் 1 மி.மீ. வி1-இல் கீழிறங்கும் எஸ் அலையின் ஆழத்தையும் வி5 அல்லது வி6-இல் மேலெழும் ஆர் அலையின் உயரத்தையும் கூட்டினால் 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகம். அப்பாவுக்கு 14, 24; மொத்தம் 38. ஆனால் நல்ல சுகமான, ஒல்லியான இளைஞர்களுக்கும் இது 35ஐத் தாண்டும். பருத்த உடம்பிலோ, இதயம் தடித்திருந்தாலும் அலைகள் சின்னதாகத் தெரியலாம். அதனால் உயரத்தை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. வி5, வி6-இல் எஸ்டி பகுதி (எஸ் அலைக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் இடையிலுள்ள கோடு) சரிந்து இறங்கி, டி அலை தலைகீழாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்பாவின் தாளில் அப்படித்தான் இருக்கிறது. பல வருடப் பிரஷரையும் சேர்த்துப் பார்த்தால் தடிப்பு உண்மையாகவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குளிசை விஷயத்தில் இனியும் விளையாடக் கூடாது.

அடுத்தது மாரடைப்பு. வி1-இலிருந்து வி4 வரை ஆர் அலை படிப்படியாக வளர வேண்டும். வளராவிட்டால், அங்கே இதயத் தசை இறந்திருக்குமோ என்று மெஷின் சந்தேகப்படும். ஆனால் இடது இதயவறை தடித்தாலே ஆர் அலை இப்படிப் பின்தங்கும். வி1, வி2 ஒட்டிகளை நான்காவது விலா இடைவெளியில் வைக்காமல் மேலே ஒட்டினாலும் இதே கோலம்தான். அடுத்தடுத்த லீட்களில் அகலமான கியூ அலை (ஆர் அலைக்கு முன் கீழிறங்கும் அலை) இருந்தால் பழைய மாரடைப்பை நம்பலாம். அப்பாவுக்கு வி2, வி3-இல் ஆர் அலை சின்னதாக இருக்கிறது, கியூ இல்லை. அது கொஞ்சம் ஆறுதல். ஆனால் வலியில்லாமலும் மாரடைப்பு வரும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். ஆகவே இருதய வைத்தியரிடம் காட்டி ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். சுவரின் தடிப்பையும் அறையின் அளவையும் அது நேரடியாக அளக்கும். ஏதாவது ஒரு பகுதி சுருங்காமல் நின்றால் அதுவும் தெரியும். கண் வைத்தியரிடமும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அப்பாவுக்கு என்றைக்காவது நெஞ்சு இறுகி, வியர்த்து, மூச்சு வாங்கினால் பழைய தாளை வைத்து யோசிக்க வேண்டாம். ஈசிஜி எடுக்க லேபுக்கும் போக வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி சாதாரணமாகவே இருக்கலாம். அதனால்தான் வைத்தியசாலையில் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுப்பார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அங்கே இந்தப் பழைய தாள் கையில் இருந்தால், எது புதிய மாற்றம் என்று வைத்தியர் உடனே பிடித்துவிடுவார். வெப்பத் தாளில் அடித்தது நாளடைவில் மங்கிவிடும்; இன்றே ஒரு போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள்.