மகள் இத்தாலிய இலக்கியம் படிக்கட்டுமா?

கேள்வி: தங்கச்சி, நாங்கள் பலெர்மோவில் 22 வருஷமாக இருக்கிறோம். நான் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்க்கும் வேலை செய்கிறேன். இவர் ரெஸ்டோரண்ட் குசினியில். மூத்த மகள் இங்கேயே பிறந்தவள். லிச்சேயோ லிங்குயிஸ்திகோ என்ற மொழிப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், மார்ச்சில் 18 முடிந்தது. நேர்ஸிங் படிப்பாள் என்றுதான் இருந்தோம். படித்து முடிய லண்டனுக்குக் கூப்பிடுகிறேன் என்று என் அண்ணாவும் சொல்லியிருந்தார். இப்போது பிள்ளை லெத்தெரே, அதாவது இலக்கியம், படிக்கப் போகிறேன் என்கிறாள், அதுவும் பொலோஞ்ஞாவில். பிறந்த நாளில் இருந்து அந்தப் பாஷையைத்தானே கதைக்கிறாள், அதைக் கம்பஸில் போய்ப் படிக்க என்ன இருக்கிறது? அந்தப் பாஷையைப் படித்தால் யார் வேலை தருவான்? ஆட்கள் முன்னால் என் பிழையைத் திருத்துகிறாள். எனக்கு அந்தப் பாஷை சரியாக வராது, குடியுரிமைக்கான பி ஊனோ (B1) மொழிச் சோதனையில் இரண்டு தரம் பெயில். இவளைப் படிக்க விடட்டுமா, மறிக்கட்டுமா?
— பலெர்மோ வாசகி

பதில்:

அக்கா, உங்கள் கடிதத்தில் "அந்தப் பாஷை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இத்தாலியன் என்று ஓரிடத்திலும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் காசுக் கணக்கு. அது தீர்ந்தால்தான் மற்றதைக் கதைக்க மனம் வரும்.

நீங்கள் பயப்படுகிற அளவுக்குச் செலவு இல்லை. குடும்பத்தின் ஈசே, அதாவது வருமானமும் சொத்தும் சேர்த்துப் போடுகிற கணக்கு, 22,000 யூரோவுக்குள் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. மாகாண வரியும் 16 யூரோ முத்திரையும்தான் கட்ட வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இந்த எல்லையை இன்னும் உயர்த்தியும் வைத்திருக்கின்றன. ஆனால் சும்மா கிடைக்காது. முதல் வருஷத்தில் குறைந்தது 10 கிரெடிட் (பாடப் புள்ளி), அதற்குப் பிறகு வருஷத்துக்கு 25 எடுத்தால்தான் அந்தச் சலுகை தொடரும். மூன்று வருஷத்துக்கு மொத்தம் 180 கிரெடிட் என்பதால் ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய காரியமில்லை. இது போக, சிசிலியில் எர்சு என்ற அமைப்பு உதவிப்பணமும் மலிவுச் சாப்பாடும் தருகிறது. எல்லாவற்றுக்கும் அதே ஈசே தாள்தான். டிசம்பர் 31 உடன் அது காலாவதியாகும், ஒவ்வொரு ஜனவரியும் காஃப் என்ற வரி உதவி அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இதில்தான் தவறவிடுகிறார்கள். போன வருஷத் தாளைக் கொண்டுபோய் நீட்டிவிட்டு, இந்த நாட்டில் ஒன்றும் தரமாட்டார்கள் என்று வீடு வந்து சொல்வது.

காஃப் என்றதும் நினைவு வருகிறது. பிள்ளைக்கு மார்ச்சில் 18 முடிந்தது என்கிறீர்கள். இங்கே பிறந்து விடாமல் இங்கேயே வளர்ந்த பிள்ளை 19 ஆவதற்குள் கொமூனேயில், அதாவது நகரசபையில், போய் அறிவித்தால் குடியுரிமை கிடைக்கும். அதற்குப் பி ஊனோ சோதனை ஒன்றும் இல்லை. வரும் மார்ச்தான் கடைசி. படிப்பைப் பற்றிய சண்டை எப்படிப் போனாலும் இதை இந்த மாதமே முடியுங்கள்.

இனி, பிறந்ததில் இருந்து கதைக்கிற பாஷையில் படிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி. நான் பத்து வயதில் அம்மாவோடு இந்த நாட்டுக்கு வந்தவள், லெத்தெரேதான் படித்தேன். என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டா. அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் சிஞ்ஞோரா வீட்டுக்கு வருகிற சின்னப் பெண்பிள்ளைகளை எப்படிக் கொஞ்சுவார்? "பெட்டா" என்றுதானே? இத்தாலியனில் அது பெல்லா. குதிரைக்கு இத்தாலியனில் கவால்லோ, சிசிலியனில் கவாட்டு. லத்தீனில் இருந்து வந்த "ல்ல" இந்தத் தீவில் "ட" ஆகிவிட்டது. அதுவும் என்ன ட! நாக்கை மேலே மடித்துச் சொல்கிற ட, எங்கள் "வண்டி"யில் வருமே, அதே இடம். இத்தாலியனில் அந்த ஒலியே இல்லை. வடக்கில் இருந்து வந்த என் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சொல்லப் பட்ட பாட்டைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். நீங்கள் சிஞ்ஞோராவிடம் கேட்ட முதல் நாளே சொல்லியிருப்பீர்கள். எந்த ஒலி எங்கே மாறியது, எப்போது மாறியது, ஏன் ஒரு ஊரில் மாறி அடுத்த ஊரில் மாறவில்லை என்று தேடுவது அந்தப் படிப்பில் ஒரு பகுதி.

இன்னொன்று. 1861-இல் இத்தாலி ஒரே நாடாகியபோது இந்த நாட்டு மக்களில் மிகச் சிலரே இத்தாலியன் கதைத்தார்கள். மற்றவர்களுக்கு அவரவர் ஊர்ப் பேச்சு. இன்று டிவியில் கேட்கிற பாஷை, 1300-களில் தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ என்ற எழுத்தாளர்கள் எழுதிய ஃபிரென்ஸே (புளோரன்ஸ்) ஊர்ப் பேச்சைப் பின்னால் வந்த படித்தவர்கள் அளவுகோலாகப் பிடித்து வளர்த்தது. அதைக் காவல் காக்க 1583-இல் ஃபிரென்ஸேயில் ஒரு சங்கம் தொடங்கி அதற்குக் குருஸ்கா என்று பெயர் வைத்தார்கள். குருஸ்கா என்றால் தவிடு. நல்ல சொல்லை மாவாக எடுத்துக்கொண்டு மற்றதைத் தவிடென்று சலித்துத் தள்ளுவது நோக்கம், சின்னமும் மாவு சலிக்கிற இயந்திரம்தான். 1612-இல் அகராதி போட்டார்கள். உங்கள் சிஞ்ஞோராவின் பேச்சு முழுக்க அந்தச் சல்லடையில் மேலே நின்ற பேச்சு. அனேகமாக அவரும் பள்ளிக்கூடம் போய்த்தான் இத்தாலியன் பழகியிருப்பார், உங்களைப் போல இரண்டாம் பாஷையாக.

இதில் வேடிக்கை, இத்தாலியக் கவிதை தொடங்கியதே நீங்கள் இருக்கிற தீவில்தான். கதீத்ரலேயில் (பெரிய கோயிலில்) ஃபெதெரிகோ இரண்டாமவர் என்ற அரசரின் சிவப்புக் கல் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள், இன்றைக்கும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். அவரது அவையில் இருந்தவர்கள்தான் 1200-களின் முதற்பாதியில் ஊர்ப்பேச்சில் காதல் கவிதை எழுதத் தொடங்கினார்கள். 14 வரிச் சொனெத்தோ என்ற வடிவத்தைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுகிற ஜாக்கொமோ தா லெந்தீனி அங்கே என்ன வேலை செய்தார் தெரியுமா? நொத்தாரிசு. கவிதை எழுதினாலும் கைவசம் ஒரு உத்தியோகம் வைத்திருந்தார். உங்கள் அண்ணாவுக்குப் பிடிக்கும்.

ஆகவே பொலோஞ்ஞா அவசரமில்லை. அந்தப் பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாகக் கணக்கு, பெயர் பெரியது, எனக்கும் பிடித்த ஊர். ஆனால் அங்கே அறை வாடகை உயிரை வாங்கும், அறை கிடைப்பதே பாடு. இந்த நாட்டில் படிப்பு மூன்று வருஷம், பிறகு இரண்டு வருஷம் என்று பிரிந்திருக்கிறது. முதல் மூன்றைப் பலெர்மோவில் முடிக்கட்டும். பிறகு மஜிஸ்த்ராலே என்கிற அந்த இரண்டு வருஷத்துக்குப் பொலோஞ்ஞா போகட்டும், அந்த வயதில் என்ன தேடிப் போகிறோம் என்றும் தெரிந்திருக்கும். இதை அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கோபம் என்மேல் வரட்டும்.

படிப்பு எப்படி இருக்கும் என்றும் அவளுக்குத் தெரிய வேண்டும். அனேக சோதனை வாய்மொழி. பேராசிரியர் ஒரு பக்கம், பிள்ளை மறுபக்கம், நடுவில் புத்தகம், பின்னால் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மற்றவர்கள். முப்பதுக்குப் புள்ளி, 18 எடுத்தால் பாஸ். என் முதல் சோதனையில் தாந்தேயின் நரகத்தில் ஒரு காண்டத்தை முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனேன், எங்கள் பழக்கம் அதுதானே. பேராசிரியர் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இதை யார் யாருக்குச் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்கு அடுத்த வரி தெரியும், அதற்கடுத்த வரியும் தெரியும், யார் சொல்கிறார்கள் என்று தெரியாது. 21 போட்டார். இங்கே ஒரு வசதி, போட்ட புள்ளியை வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த தவணைக்கு வரலாம். எனக்கு முன்னால் இருந்தவள் 27-ஐ வேண்டாமென்று எழுந்து போனாள். நான் 21-ஐ வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

அவளுக்கு உண்மையான கஷ்டம் லத்தீன். லிங்குயிஸ்திகோவில் முதல் இரண்டு வருஷம் மட்டும்தான் லத்தீன் இருந்திருக்கும், பக்கத்தில் இருக்கப் போகிற கிளாசிகோப் பிள்ளைகள் ஐந்து வருஷம் படித்துவிட்டு வருவார்கள். லெத்தெரேக்கு அனேக இடங்களில் ஆட்களைக் கழித்துவிடுகிற போட்டி இல்லை, நுழையும்போது வைக்கிற சோதனையில் குறை தெரிந்தால் முதல் வருஷத்தில் ஈடு செய்யச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் முடிந்து வருகிற கோடை விடுமுறையை லத்தீனுக்குக் கொடுக்கட்டும்.

வேலையை நான் மறைக்க மாட்டேன். நேர்ஸிங் மூன்று வருஷம், முடிந்தவுடன் வேலை. லெத்தெரே அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டுமானால் மூன்றும் இரண்டும் ஐந்து வருஷம், அதற்கு மேல் ஆசிரியர் தகுதிக்கு 60 கிரெடிட், அதற்கு மேல் கொன்கோர்ஸோ என்ற போட்டிச் சோதனை. நிரந்தரம் கிடைக்கும்வரை வருஷா வருஷம் ஒவ்வொரு ஊரில் சுப்ளென்ஸா என்ற தற்காலிக வேலை. பொறுமை இல்லாதவர்கள் பாதியில் விடுகிறார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் இருந்தால் எந்த வகுப்புக்குப் படிப்பிக்கலாம் என்று அரசு பட்டியல் போட்டிருக்கிறது. அதை முதல் வருஷமே பார்த்துப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். நான் பார்க்கவில்லை. கடைசியில் பூகோளத்தில் குறைகிறது என்று இரண்டு சோதனை தனியாகக் காசு கட்டி எழுதினேன்.

உங்கள் மகளுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இத்தாலியன் படிப்பிக்க அரசுப் பள்ளிகளில் ஆ வென்தித்ரே (A-23) என்று தனி ஆசிரியர் பிரிவே உண்டு. நான் பெரியவர்களுக்குப் படிப்பிக்கிறேன், வகுப்பில் முக்கால்வாசி உங்களைப் போல நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவர்கள். ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் குவெஸ்தூராப் பொலிஸிலும் இரண்டு பக்கமும் விளங்கக் கதைக்கிற ஆள் தேவை. அதற்கு அவளிடம் தமிழ் இருக்க வேண்டும், அடுப்படித் தமிழ் போதாது, எழுத வாசிக்க வேண்டும். லண்டன் அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். இத்தாலியில் மான்தோவா பக்கத்தில் இருந்து ஒருவர் வந்து தமிழ் படித்து வீரமாமுனிவர் ஆனார் என்று மேடையில் பெருமைப்படுகிறோம், எங்கள் பிள்ளை அவருடைய பாஷையைப் படிக்கிறேன் என்றால் மட்டும் யார் வேலை தருவான் என்கிறோம். அவருக்குச் சோறு போட ஒரு சபை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

என் முடிவு, விடுங்கள். பலெர்மோவில், லத்தீனோடு, பட்டியலைப் பார்த்து. முதல் வருஷம் முடிவில் பாதிக் கிரெடிட்கூட எடுக்காவிட்டால் அப்போது நேர்ஸிங்கைப் பற்றி மறுபடி கதைக்கலாம், அப்போதும் 19 வயதுதான்.

இப்போது "அந்தப் பாஷை". அவள் திருத்துவது உங்களுக்குக் குத்துகிறது. கம்பஸுக்கும் போனால் இன்னும் தூரம் போய்விடுவாள் என்று பயம். இதை நீங்கள் எழுதவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். ஆட்கள் முன்னால் திருத்தாதே என்று கட்டாயம் சொல்லுங்கள், அது மரியாதைக் கேடு. பி ஊனோ விஷயத்தில், உங்கள் சொஜ்ஜோர்னோ (வதிவு அனுமதி) அட்டையை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். அது நீண்டகால வதிவுக்கான ஐரோப்பிய அட்டையாக இருந்தால் குடியுரிமைக்கு அந்தச் சோதனையே தேவையில்லை, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. பத்ரொனாதோ என்ற உதவி அலுவலகத்தில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு தரம் சோதனைக்குக் காசு கட்டும்போது இதை யாரும் சொல்லவில்லையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மலையேறாமல், மகளோடு ஸீஸா மாளிகைக்குப் போங்கள். அங்கே 1149-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கிரிசான்தோ என்ற பாதிரியார், இறந்துபோன தன் அம்மா அன்னாவுக்காக வைத்தது. ஒரே செய்தியை லத்தீனில், கிரேக்கத்தில், அரபில், பிறகு அரபையே எபிரேய எழுத்தில் என்று நான்கு விதமாக வெட்டியிருக்கிறார்கள், வருஷத்தைக்கூட அவரவர் கணக்கில். அதில் உள்ள லத்தீனை உங்களுக்கு வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு வருஷ லத்தீன், தடுமாறுவாள். நீங்கள் பேசாமல் நில்லுங்கள். வெளியே வந்ததும் "பெட்டா" என்று சொல்லச் சொல்லுங்கள். அதில் பிழை விட்டால் நீங்கள் திருத்தலாம், ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்து.