பெட்டி உள்ளே போக ஒரு விலை, வெளியே வர ஒரு விலை

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழில். பழைய பில், வவுச்சர் 180 பெட்டி. அவற்றுக்காகவே ஓர் அறை, மாத வாடகை 4,500 ரூபாய். ஆவணக் கிடங்கு நடத்துபவர்கள் பெட்டிக்கு மாதம் 15 ரூபாய் என்கிறார்கள். விலைப்பட்டியல் இணைத்துள்ளேன். மாறிவிடலாமா?

பதில்: முதல் பக்கக் கணக்குப்படி மாதம் 2,700 ரூபாய், 1,800 மிச்சம். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தீர்களா? ஒரு பெட்டியை எடுத்துத் தர 250, திரும்ப வைக்க 100. மாதம் ஆறு முறை பெட்டி கேட்டால் மிச்சம் போச்சு. ஆடிட்டர் வந்து உட்காரும் மாதத்தில் ஆறோடு நிற்குமா?

என் நெடுநாள் எரிச்சல் கடைசி வரியில் இருக்கிறது: 'நிரந்தரமாக வெளியே எடுக்க, பெட்டிக்கு 120'. 180 பெட்டிக்கு 21,600 ரூபாய். உங்கள் ஒரு வருட மிச்சம் அப்படியே அவர்களுக்கு. நம் காகிதத்தை நாமே திரும்ப வாங்க எதற்கு இவ்வளவு? அடுத்த வருடம் வாடகையை ஏற்றினாலும் நீங்கள் கிளம்ப முடியாது, அதற்குத்தான். இந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் குறைக்கச் சொல்லுங்கள். பேரம் பேசும் பலம் கையெழுத்துக்கு முன்னால் மட்டும்தான். வருடாந்திர ஏற்றம் எத்தனை சதவீதம், குறைந்தபட்ச பில் தொகை உண்டா, பார்கோடு ஒட்ட எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அறையின் செலவும் வெறும் வாடகை இல்லை. கரையான் மருந்து, காப்பீடு, ஒரு பில்லைத் தேடி ஆள் செலவழிக்கும் அரை நாள், எல்லாம் சேரும். கடைசி இரண்டு வருடக் காகிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழையதை மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: எத்தனை வருடம்தான் வைத்திருப்பது?

பதில்: ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த வருடத்தின் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2023-24க்கான கடைசித் தேதி 31 டிசம்பர் 2024. ஆக, 2030 டிசம்பர் முடியும் வரை. கம்பெனி என்றால் கணக்குப் புத்தகம் எட்டு நிதியாண்டு. மேல்முறையீடோ விசாரணையோ ஓடினால், அது முடிந்து ஒரு வருடம் வரையாவது தொடவே கூடாது. காலம் கடந்ததை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, அரைத்து அழியுங்கள். காலாவதியான காகிதத்துக்கு வாடகை கட்டும் ஆட்களை நிறையப் பார்க்கிறேன்.

கேள்வி: கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்து என் 22 பெட்டி கூழாகிவிட்டது. ஒப்பந்தப்படி பெட்டிக்கு 100 ரூபாய்தான் தருவார்களாம். தனி ஆளாகத் தையலகம் நடத்துகிறேன்.

பதில்: அநியாயம். வணிக நோக்கில் எடுத்த சேவை என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயப்படாதீர்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே நடத்துகிறீர்கள் என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்களும் நுகர்வோரே என்று வாதாட இடம் உண்டு. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் கட்டிய வாடகை ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். நனைந்த பெட்டிகளைப் படம் எடுத்தீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். நஷ்டத்தை உங்கள் ஆடிட்டருக்கும் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டேன். போதும்தானே?

பதில்: போதாது.

கேள்வி: ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஐந்து வருடத்துக்குள் விலக முடியாதாம். ஏதாவது வழி?

பதில்: இனிமேலாவது படியுங்கள். விலகல் பிரிவில் எத்தனை மாத நோட்டீஸ், எவ்வளவு அபராதம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அதைக்கூட என்னையே படிக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: அலுவலகத்திலேயே வைக்க எந்த அலமாரி நல்லது?

பதில்: இரும்பு ரேக். தரையிலிருந்து அரை அடி உயரம், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி. நான் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒட்டுப்பலகை அலமாரி வாங்கினேன். கரையான் காகிதத்தை விட்டுவிட்டு முதலில் அலமாரியைத் தின்றது. அப்புறம், தெர்மல் தாளில் வரும் ரசீதுகளை எந்த அலமாரியும் காப்பாற்றாது, எழுத்து தானே மங்கிவிடும். வாங்கிய வாரமே நகல் எடுத்து இரண்டையும் சேர்த்து வையுங்கள்.