ஆற்றில் பிறக்கும் சால்மன் குஞ்சு கடல் உப்பில் எப்படிச் சாகாமல் இருக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளுமா?

நீங்கள் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். தினம் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பார்க்கலாமா என்ற யோசனையும் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நீலகிரியில் எமரால்டு பக்கம் வளர்ந்தவன். அப்பா ஒரு டிரவுட் மீன் பண்ணையில் தினக்கூலி. எங்கள் மலைக்கு டிரவுட் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகத்தை 1907-இல் வில்சன் என்பவர் கட்டினார். இந்த ரெயின்போ டிரவுட்டும் சால்மன் குடும்பம்தான். பசிபிக் கரையில் இதே இனத்தில் சில மீன்கள் கடலுக்குப் போய் வளரும், அவற்றை ஸ்டீல்ஹெட் என்பார்கள்.

பிளஸ் ஒன் படிக்கும்போது இதைப் படித்துவிட்டு, அப்பாவிடம் கெஞ்சி ஆறு குஞ்சுகள் வாங்கினேன். விரல் நீளம்கூட இல்லை. பக்கவாட்டில் மை தொட்ட கட்டைவிரலால் வரிசையாக ஒற்றி எடுத்த மாதிரி கருந்திட்டுகள். இரண்டு வாளி, வாளிக்கு மூன்று. ஒன்றில் மட்டும் பத்து லிட்டருக்கு 350 கிராம் கல்லுப்பு கரைத்தேன், கடலில் அவ்வளவுதானே என்று. விடிந்து பார்த்தால் உப்பு வாளியில் மூன்றும் செத்துக் கிடந்தன. வயிறு ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. அப்பா திட்டவில்லை. அவற்றை எடுத்துச் செடிக்கடியில் புதைத்துவிட்டு வேலைக்குப் போனார். அது இன்றும் உறுத்துகிறது.

கல்லுப்பும் கடல் நீரும் ஒன்றில்லை என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும். மூச்சு முட்டிச் செத்திருக்கும் என்பவர்களுக்கு: அடுத்த வாளியில் மூன்றும் உயிரோடுதான் இருந்தன.

காரணம் பின்னால்தான் புரிந்தது. மீனின் ரத்தத்தில் உப்பு கடலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆற்றில் தண்ணீர் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளும், செவுள் தண்ணீரிலிருந்து உப்பை உறிஞ்சிக்கொள்ளும். கடலில் எல்லாம் தலைகீழ். உடம்பு வற்றும், மீன் கடல் நீரைக் குடிக்கும், அதிகப்படி உப்பைச் செவுள் வெளியேற்ற வேண்டும்.

இந்த மாற்றத்தைக் கடலுக்குப் போன பிறகு ஆரம்பித்தால் தாங்காது. சால்மன் ஆற்றில் இருக்கும்போதே தயாராகிவிடுகிறது. வசந்தத்தில் பகல் நீளத் தொடங்கியதும் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசோல் என்ற ஹார்மோனும் கூடுகின்றன. செவுளில் உப்பை வெளியேற்றும் செல்கள் பெருகுகின்றன, சோடியம்–பொட்டாசியம் பம்ப் எனப்படும் நொதி பல மடங்கு ஆகிறது. கருந்திட்டுகள் மறைந்து செதில் வெள்ளியாகிறது, உடம்பு மெலிகிறது. அதுவரை ஓட்டத்தை எதிர்த்துத் தன் இடத்தைக் காவல் காத்தது, இப்போது கூட்டமாகக் கீழே இறங்கும். ஸ்மோல்ட் என்பது இந்த நிலையின் பெயர். இது சில வாரம்தான். வழியில் அணையோ வேறெதுவோ தடுத்து அந்த வாரங்கள் கடந்தால், உப்பைத் தாங்கும் சக்தி திரும்பக் குறைந்துவிடும்.

பிங்க் சால்மன் முட்டையிலிருந்து வந்த கொஞ்ச நாளிலேயே கடலுக்குப் போகிறதே என்று கேட்பீர்கள். சரிதான். நான் சொல்வது அட்லாண்டிக் சால்மன், கோஹோ போல ஆற்றில் ஒரு வருடமாவது இருப்பவற்றை.

இதையெல்லாம் நான் கோவையில் வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை சொன்னேன். "ஊட்டியா, ஜாலிதான், வரும்போது வர்க்கி வாங்கிட்டு வா" என்றார்கள். பதினைந்து வருடமாக இதே பேச்சு. மழையில் கொழுந்து பறித்து அம்மாவின் விரல்கள் எப்படி வெடித்திருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. மலையில் வாழ்வது சுற்றுலா இல்லை.

சரி, உங்கள் தொட்டிக்கு வருகிறேன். கருந்திட்டு இருக்கும் குஞ்சை உப்பில் விடாதீர்கள். வெள்ளியாகிவிட்டது என்பதை மட்டும் வைத்தும் நம்பாதீர்கள். சால்மன் பண்ணைகளிலேயே சில குஞ்சுகளை 24 மணி நேரம் கடல் நீரில் விட்டு, ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றை அனுப்புகிறார்கள்.