ஃபிளெட்சர் என்ற பெயரை வைத்துப் பூர்வீகம் தேடலாமா?

கேள்வி: என் அம்மாவின் தாத்தா ஒரு ஃபிளெட்சர். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். இங்கிலாந்தில் அவர்கள் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா? 'ஃபிளெட்சர் குடும்பச் சின்னம்' என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: சின்னத்தை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் மரபுச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வழி வாரிசுகளுக்கும் உரியது. குடும்பப்பெயருக்கென்று சின்னமே கிடையாது.

ஃபிளெட்சர் என்றால் அம்பு செய்பவர். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த தொழிற்பெயர். அம்பு செய்தவர்கள் பல ஊர்களிலும் இருந்ததால், ஒட்டுறவே இல்லாத குடும்பங்களுக்கும் இதே பெயர் நிலைத்தது. இறைச்சி வெட்டுபவரைக் குறிக்கும் ஃபிளெஷரும் சில இடங்களில் இதனோடு கலந்துவிட்டது. அதனால் பெயர் உங்களை எந்த ஊருக்கும் கூட்டிப்போகாது. உங்களிடமிருந்து பின்னோக்கி, தலைமுறைக்கு ஓர் ஆவணமாவது கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

முதலில் அம்மாவின் தாத்தாவுடைய திருமணப் பதிவைத் தேடுங்கள். அதில் அவருடைய தந்தை பெயர் இருக்கும். சென்னை மாகாண ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. 1698 முதல் 1948 வரையிலானவை பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' வரிசையில் உள்ளன. எல்லா நகலும் போய்ச் சேரவில்லை. அங்கே இல்லையென்றால் ஆலயத்தின் மூலப் பதிவேட்டைக் கேளுங்கள். ஃபிளெச்சர், ஃபிளெஷர் என்ற எழுத்துகளிலும் தேடுங்கள்.

இங்கிலாந்திலிருந்து முதலில் இந்தியாவுக்கு வந்தவர் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய் என்று தெரிந்தால் வேலை சுலபம். ஓய்வூதியத்தோடு ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பணித் தாள்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூஓ 97' வரிசையில் இருக்கின்றன. பிறந்த பாரிஷ் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) அதிலேயே எழுதியிருக்கும்.

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. அதற்கு முந்தையதற்குப் பாரிஷ் பதிவேடுகள்தான். மிகப் பழையவை 1538-இலிருந்து உண்டு. 1851 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த ஊர் இருக்கிறது. 1841 கணக்கெடுப்பில் வயதை நம்பாதீர்கள்: 15-க்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் அதில் 35.

பலரும் சறுக்குவது இங்கேதான்: பெயரும் வயதும் பொருந்தும் ஒரு ஜான் ஃபிளெட்சர் இங்கிலாந்தின் லங்காஷயரில் கிடைத்ததும் குடும்ப மரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். தந்தை பெயரும் தொழிலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த ஆளையே தொடர்ந்து போங்கள். உங்கள் ஜான் இங்கே ஆலயப் பதிவில் இருக்கும் ஆண்டில் அவர் அங்கே மனைவி மக்களோடு கணக்கெடுப்பில் இருந்தால், அவர் வேறு ஆள், நீக்கிவிடுங்கள்.